லீவ் லெட்டரில் எழுத முடியாத காரணம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு கம்பெனியில் 19 வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். மாதத்தில் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் எனக்குக் கண்டம். இரண்டும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள்: முன்னதில் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1, பின்னதில் வரி கட்டும் 3பி. தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் அபராதம், வரி பாக்கிக்கு 18 சதவீத வட்டி. அபராதம் முதலாளிக்கு, ஏச்சு எனக்கு.

சில மாதங்களுக்கு முன் ஒரு 19-ம் தேதி இரவு 10.40-க்கு மேனேஜரிடமிருந்து வாட்ஸ்அப்: 'நாளைக்கு வந்ததும் என்னைப் பாருங்க.' அவ்வளவுதான். விடிய விடியத் தூக்கமில்லை. காலையில் பெரம்பூரில் ரயில் ஏறியபோது நன்றாகத்தான் இருந்தேன். வில்லிவாக்கம் தாண்டியதும் நெஞ்சு தடதடவென்று அடித்தது. உள்ளங்கை சில்லிட்டு வியர்த்தது. கொரட்டூரில் இறங்கி பெஞ்சில் சாய்ந்துவிட்டேன். பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கூடையை நகர்த்தி இடம் விட்டு, "தண்ணி குடிப்பா, மெதுவா மூச்சு விடு" என்றார்.

மாரடைப்பு என்றே நினைத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஈசிஜியில் ஒன்றுமில்லை. இளம் டாக்டர், "ஆபீஸ் எப்படி சார் போகுது?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. நெஞ்சைக் காட்ட வந்தவனிடம் ஆபீஸ் விசாரணை எதற்கு? அவர் பொறுமையாக விளக்கினார்: ஆபத்து என்று மூளை நினைத்ததும் அட்ரினலின் சுரந்து, ஓடுவதற்கு உடம்பு தயாராகிறது. புலி துரத்தினால் சரி. வாட்ஸ்அப் துரத்தினால் எங்கே ஓடுவது?

மேனேஜர் கூப்பிட்டது எதற்கென்று பிறகு தெரிந்தது. கணக்கு எழுதும் மென்பொருளான டாலி லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டுமாம்! அந்த இரண்டு வார்த்தையை இரவே சேர்த்து அனுப்பியிருந்தால் தூங்கியிருப்பேன்.

அந்த லீவுக்கு நான் எழுதிய காரணம் 'வைரல் காய்ச்சல்'. மனப்பதற்றம் என்று எழுதினால் அடுத்த மாதமே என் பாஸ்வேர்டை வேறொரு பையனிடம் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். அதே மேனேஜர் தன் இன்சுலினை ஆபீஸ் ஃபிரிட்ஜில், மோர் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறார். யாரும் முகம் சுளிப்பதில்லை. மனசு என்றால் மட்டும், 1794-ல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனையின் பெயரால் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று வசைபாடுகிற ஊர் இது.

ஒருநாள் இரவு மொட்டைமாடியில் நின்று 14416-க்குப் போன் செய்தேன். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். பேசிய பெண் அறிவுரை எதுவும் அடுக்கவில்லை, முதலில் கேட்டுக்கொண்டார். அப்புறம் மனநல மருத்துவரையும் பார்த்தேன். இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சை நீளமாக விடச் சொன்னார். பூக்கார அம்மா சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

எங்கள் ஆபீஸில் தீயணைப்பான் மேலே 101, 108 ஒட்டியிருக்கிறார்கள். அதன் கீழே 14416-ஐயும் ஒட்டத் தொழிலாளர் துறை உத்தரவிடட்டும். உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். அதையும் யாராவது எங்களிடம் சொல்லலாம்.

என் பெயரைப் போட வேண்டாம். எங்கள் ஆபீஸிலும் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்கள்.

- ஒரு வாசகர், பெரம்பூர், சென்னை-11