மாடல் போட்டி நடுவர்களுக்கு: அந்த 'கிட் நிறுவனம்' என்ற வரியைப் பற்றி

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கும், போட்டியை நடத்தும் நண்பர்களுக்கும் வணக்கம்.

போன முறை உங்கள் போட்டிக்கு நான் கொண்டுவந்தது ஒரு வெள்ளை அம்பாசடர் எஸ்டேட். டிக்கி இருக்க வேண்டிய இடம் வரைக்கும் கூரை நீண்டு, பின்கதவுக்குப் பின்னால் இன்னொரு ஜன்னல் வைத்த ஸ்டேஷன் வேகன். பதிவு மேஜையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் இரண்டாவது வரி, 'கிட் தயாரித்த நிறுவனம்'. (கிட் என்றால் ஒட்டிக் கட்டுவதற்குப் பாகங்களாகப் பெட்டியில் வரும் மாடல்.) நான் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: பொம்மை அம்பாசடர் இரண்டு, உடைந்த ஜீப் பொம்மை ஒன்று, சீப்பு, மாத்திரை அட்டை, ஸ்டிக்கர் பொட்டு. மேஜையில் இருந்த தம்பி படித்துவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்புதான் வந்தது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் கார் பிரிவில் என் வண்டியைக் காணோம். தேடினால், சிறுவர் மேஜையில் ஒரு களிமண் யானைக்குப் பக்கத்தில் நிற்கிறது. மதிப்பெண் தாளில் ஒரே ஒரு குறிப்பு: 'கிட் விவரம் இல்லை, அளவு சரிபார்க்க வழியில்லை.'

பரிசு கிடைக்காத கோபத்தில் இதை எழுதவில்லை. (யானை நன்றாகவே இருந்தது.) அந்தக் குறிப்பைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அளவு. அம்பாசடரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2,464 மி.மீ. நான் வாங்கிய பொம்மையில் வெர்னியர் (நுண்ணளவுக் கருவி) வைத்துப் பார்த்தேன், 68 மி.மீ. வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 1/36 வரும், அதாவது நிஜ வண்டியில் 36-இல் ஒரு பங்கு. நிஜ வண்டியின் டயர் 5.90-15 (டயரின் அகலமும் ரிம்மின் விட்டமும், அங்குலத்தில்). அந்த டயரின் முழு விட்டத்தை 36-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. பொம்மையின் சக்கரமோ 22 மி.மீ. இருந்தது, குழந்தைகள் தரையில் உருட்ட வேண்டும் என்பதற்காக. அதனால்தான் ஜீப்பின் சக்கரங்கள் வந்தன. இந்தக் கணக்கு முழுவதும் ஒரு தாளில் எழுதி வண்டிக்கு அடியிலேயே வைத்திருந்தேன். யாரும் தூக்கிப் பார்க்கவில்லை.

இரண்டாவது, கிட். அமெரிக்கர் ஒருவருக்கு 1950-களின் வேகன் வேண்டுமென்றால் செவ்ரோலே நோமாட் இருக்கிறது, ரெவெல் என்ற மாடல் நிறுவனம் அதற்கு கிட் போட்டிருக்கிறது. பெட்டியைத் திறந்து, படம் பார்த்து ஒட்டிவிடலாம். எனக்கு வேண்டிய எஸ்டேட்டுக்கு அப்படி ஒரு பெட்டி என் கண்ணில் பட்டதே இல்லை. அம்பாசடரின் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஆக்ஸ்ஃபோர்டுக்கே 'டிராவலர்' என்று ஒரு வேகன் இருந்தது. முதலில் பின்பக்கம் மரச்சட்டம் வைத்து வந்தது. 1957-இல் வந்த நான்காம் வரிசையில் மரம் போய் முழுக்க இரும்பாகிவிட்டது. நான்காம் வரிசையில் செடானே (டிக்கி தனியாக இருக்கும் வழக்கமான கார்) கிடையாது, வேகன் மட்டும்தான். மேற்கு வங்காளத்து உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 வரை அம்பாசடர் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது, ஆனால் சாலையில் நாம் பார்த்ததெல்லாம் செடான்தான். எஸ்டேட்டை நான் நேரில் பார்த்தது ஒரே தடவை, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பட்டறை வாசலில், சக்கரம் கழற்றிக் கல்மேல் நின்ற நிலையில். அப்போது எனக்கு பன்னிரண்டு வயது. செடானை ஆம்புலன்ஸாக மாற்றியவர்களும் நம் ஊர் பட்டறைக்காரர்கள்தானே? நிஜ வண்டியையே வெட்டி ஒட்டி ஓட்டிய ஊரில், மாடலை வெட்டி ஒட்டினால் மட்டும் சந்தேகமா?

சரி, கூரைக்கு வருகிறேன். செடானின் கூரை பின்கதவைத் தாண்டியதும் சரிய ஆரம்பித்துவிடும். வேகனுக்கு அது அப்படியே நீள வேண்டும். பிளாஸ்டிக் ஷீட்டை வளைத்து ஒட்டினால் போதாதா என்று முதலில் நினைத்தேன். ஒட்டியும் பார்த்தேன், தகரக் கொட்டகை போட்ட மாதிரி இருந்தது. அம்பாசடர் கூரையில் நேர்கோடே கிடையாது. நெடுக்கிலும் குறுக்கிலும் லேசாக உப்பியிருக்கும், வெந்த இட்லி மாதிரி. அந்த உப்பலுக்கு இன்னோர் அம்பாசடர் கூரைதான் பொருந்தும். இரண்டாவது பொம்மை வாங்கியது அதற்காகவே. முதல் வண்டியில் சரிவு தொடங்கும் இடத்தில் ரம்பம் வைத்து அறுத்தேன். இரண்டாவதிலிருந்து நடுக்கூரையை மட்டும் 30 மி.மீ. நீளத்துக்கு எடுத்து இங்கே வைத்தேன். அகலம் மயிரிழை பிசகாமல் சேர்ந்தபோது, நள்ளிரவு என்றும் பாராமல் வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன். யாரும் ரசிக்கவில்லை.

ஒட்டுவதுதான் பாடாய்ப் படுத்தியது. பொம்மை ஏபிஎஸ் பிளாஸ்டிக், நான் பக்கவாட்டுக்கு வைத்தது ஸ்டைரீன் ஷீட். ஸ்டைரீனை உருக்கிப் பிடிக்கிற மாடல் பசை ஏபிஎஸ்ஸை அரைகுறையாகத்தான் பிடித்தது. பெருவிரலால் அழுத்தினேன், 'டக்' என்று விட்டுவிட்டது. அப்புறம் இணைப்பின் உள்பக்கம் செம்புக் கம்பியைக் குறுக்கே தையல் மாதிரி நான்கு இடத்தில் வைத்து, ஃபெவிக்விக் விட்டு, அதன்மேல் ஆப்பசோடாவைத் தூவினேன். தூவிய நொடியில் கல்லாகிவிடும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும், புகை கண்ணில் ஏறும். மேலே எம்-சீல், அதற்கும் மேலே மெல்லிய பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு). கார் பட்டறையில் டிங்கரிங், பட்டி, பெயிண்ட் என்பார்களே, அதே மூன்றும் அதே வரிசையில், உள்ளங்கை அளவு வண்டிக்கு. வாட்டர் பேப்பர் 400-இல் தொடங்கி 1000 வரை தேய்த்து, சாம்பல் நிற பிரைமர் அடித்தால் அதுவரை கண்ணுக்குத் தெரியாத பள்ளமெல்லாம் பல்லிளிக்கும். மறுபடி பட்டி. இப்படி ஆறு தடவை.

பின்கதவு ஜன்னலின் மேல்மூலை செடானில் சரிவோடு இறங்கும், அதை நிமிர்த்திச் சதுரமாக்கினேன். சீப்பின் பற்கள் கூரைமேல் கேரியர் ஆயின. மாத்திரை அட்டையின் கண்ணாடிப் பக்கம் கூடுதல் ஜன்னல். பின்விளக்கு சிவப்புக் கல் பொட்டு.

நீங்கள் மதிப்பெண் குறைத்திருக்க வேண்டிய இடம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. கூரையின் இடதுபக்கம், விளக்கைச் சாய்வாகப் பிடித்தால், இணைப்புக் கோடு நிழல் மாதிரித் தெரியும். மேல்பட்டியிலிருந்த கரைப்பான் முழுக்க ஆவியாகும் முன்பே நான் பெயிண்ட் அடித்துவிட்டேன். பட்டி மெதுவாகச் சுருங்கி உள்ளே இறங்கிவிட்டது. அவசரம், என் தப்பு. அதற்காக ஐந்து மதிப்பெண் போயிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். சிறுவர் மேஜைக்கு அனுப்பியதில், அந்தக் கோட்டைக்கூட யாரும் பார்க்கவில்லை என்பதுதான் வருத்தம்.

இந்த வெட்டி ஒட்டும் பழக்கம் நான் கண்டுபிடித்ததும் இல்லை. 1958-லேயே ஏஎம்டி நிறுவனம் 'மூன்று விதமாகக் கட்டலாம்' என்று பெட்டியின்மேல் போட்டே கார் கிட் விற்றது. மாற்றிக் கட்டுவதற்கான உதிரிகள் பெட்டிக்குள்ளேயே இருந்தன. 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் விண்கல மாடல்களின் மேற்பரப்பு நுணுக்கங்களை டாங்கி கிட், விமான கிட் என்று வாங்கி உடைத்து, அந்தத் துண்டுகளை ஒட்டித்தான் செய்தார்கள். வெளிநாட்டுப் போட்டிகளில் 'பெட்டியில் இருந்தபடியே' கட்டியதற்குத் தனிப் பிரிவு வைக்கிறார்கள். அப்படியென்றால் மற்ற பிரிவுகளில் மாற்றிக் கட்டுவது சகஜம் என்றுதானே பொருள்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. படிவத்தில் 'கிட் தயாரித்த நிறுவனம்' என்பதை அடித்துவிட்டு, 'எதிலிருந்து செய்தீர்கள்' என்று போடுங்கள். கிட் வாங்கியவர் கிட்டின் பெயரை எழுதட்டும், என்னைப் போன்றவர்கள் சீப்பை எழுதுகிறோம். அளவுக்கு ஆதாரம் வேண்டுமென்றால் கேளுங்கள், வெர்னியரோடு வருகிறேன். அப்புறம், பெயிண்ட் அடிக்கும் முன் எடுத்த போட்டோக்களை மாடலுக்குப் பக்கத்தில் வைக்க விடுங்கள். வெள்ளைப் பெயிண்டுக்குக் கீழே எத்தனை துண்டு என்று பார்க்க வேறு வழி இல்லை. போன முறை நான் வைத்த நான்கு படங்களை 'மேஜையில் இடமில்லை' என்று எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டார்கள்.

இந்த வருடம் ஆம்புலன்ஸ் கொண்டுவருகிறேன். கூரை அறுத்தாயிற்று, இணைப்பு காய்ந்துகொண்டிருக்கிறது, இந்தத் தடவை இரண்டு மாதம் முழுசாக விடப்போகிறேன். உச்சியில் சுழல்விளக்குக்கு நீலக் கல் பொட்டு தேடிக்கொண்டிருக்கிறேன். படிவம் மாறியிருந்தால் ஒரு வரி தகவல் அனுப்புங்கள்.

அன்புடன்,
களிமண் யானைக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளை அம்பாசடர்க்காரன்