கொள்கலனை இறுதி ஆண்டுவரை தள்ளிப்போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களிலும் மென்பொருள் பயிலும் பிள்ளைகளின் செயற்றிட்டங்களில் ஒரே தடங்கல் திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டு மடிக்கணினியில் ஓடிய நிரல், மதிப்பீட்டு நாளன்று ஆய்வுகூடக் கணினியில் ஓட மறுக்கிறது. பைதன் பதிப்பு வேறு, தரவுத்தளம் நிறுவப்படவில்லை, ஏதோ ஒரு லைப்ரரி (நிரல் பயன்படுத்தும் ஆயத்த நிரற்தொகுப்பு) குறைகிறது. பிள்ளையின் நிரலில் பிழை இல்லை. அது ஓடும் சூழல்தான் மாறிவிட்டது. அந்தச் சூழலையும் நிரலோடு சேர்த்துக் கட்டிக் கொடுப்பதற்கே மென்பொருள் கொள்கலன் இருக்கிறது. 2013இல் கொள்கலன்களைக் கட்டி ஓட்டும் டொக்கர் என்ற கருவி வெளிவந்த பிறகு தொழில்துறையில் இது அன்றாட நடைமுறை. பல வகுப்புகளில் இது இறுதி ஆண்டுவரை வருவதில்லை. வந்தாலும் குபெர்னெட்டீஸில் தொடங்கிப் பிள்ளைகளை வெருட்டிவிடுகிறார்கள். குபெர்னெட்டீஸ் பல கணினிகளில் நூற்றுக்கணக்கான கொள்கலன்களை நிர்வகிப்பதற்கானது. தொடக்கநிலையில் அதற்கு வேலையே இல்லை.

முதலில் விளங்கவைக்க வேண்டியது இது: கொள்கலன் ஒரு குட்டிக் கணினி அல்ல. கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியான மெய்நிகர் இயந்திரம் தனக்கென ஒரு கேர்னலை (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஏற்றிக்கொள்ளும். கொள்கலனோ ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் கேர்னலின் மேல் ஓடும் சாதாரண புரொசெஸ்தான், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல்தான். அதன் கண்ணுக்கு எந்தக் கோப்புகள், எந்த வலையமைப்பு தெரியலாம் என்பதை நேம்ஸ்பேஸ் தீர்மானிக்கிறது. எவ்வளவு நினைவகம் எடுக்கலாம் என்பதை சிகுரூப் கட்டுப்படுத்துகிறது. ஒரு விநாடி அளவில் எழும்புவது இதனால்தான். விண்டோஸிலும் மக்கிலும் டொக்கர் டெஸ்க்டொப் பின்னணியில் ஒரு லினக்ஸ் மெய்நிகர் இயந்திரத்தை ஓட்டுவதால், 4 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி திணறும். அத்தகைய கணினியில் உபுண்டு லினக்ஸை நேரடியாக நிறுவி, டொக்கர் எஞ்சினை மட்டும் போடுவது நல்லது.

முதற் பாடத்துக்கு ஐந்து கட்டளைகள் போதும். அவற்றை எழுத, டொக்கர்ஃபைல் என்ற பெயரில், பின்னொட்டு இல்லாமல் ஒரு கோப்பு. இதிலிருந்துதான் இமேஜ், அதாவது கொள்கலனைத் தொடங்குவதற்கான பொதி, கட்டப்படுகிறது. நோட்பேட் தானாக டெக்ஸ்ட் பின்னொட்டைச் சேர்த்துவிடும். 'கோப்பைக் காணவில்லை' என்ற முதல் நாள் முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். ஃப்ரொம் அடிப்படை இமேஜைச் சொல்கிறது, வேர்க்டிர் வேலை செய்யும் இடத்தை. கொப்பி கோப்புகளை உள்ளே எடுக்கும். ரன் கட்டளை, இமேஜ் கட்டப்படும்போது நடக்கும். சிஎம்டி கொள்கலன் தொடங்கும்போது நடக்கும். கடைசி இரண்டையும் குழப்பாத பிள்ளைக்குப் பாதிப் பாடம் விளங்கிவிட்டது.

வரிகளின் ஒழுங்கைத்தான் அழுத்திச் சொல்லவேண்டும். கோப்புகளை மாற்றும் ஒவ்வொரு வரியும் ஓர் அடுக்கு. ஓர் அடுக்கு மாறினால் கோப்பில் அதற்குப் பின் வரும் வரிகள் எல்லாம் மீண்டும் கட்டப்படும். ஆகவே தேவையான லைப்ரரிகளின் பட்டியற் கோப்பை மட்டும் முதலில் கொப்பி செய்து, ரன் வரியில் அவற்றை நிறுவி, அதன் பிறகே நிரலைக் கொப்பி செய்யவேண்டும். மாற்றிச் செய்தால், நிரலில் ஒரு காற்புள்ளி திருத்தினாலும் அத்தனை லைப்ரரிகளும் மறுபடி தரவிறங்கும். கைபேசி டேட்டாவில் படிக்கும் வீட்டுக்கு அது பணம். அடிப்படை இமேஜிலும் கவனம் வேண்டும்: பைதனின் முழு இமேஜ் விரிந்த நிலையில் ஏறத்தாழ 1 ஜிபி, ஸ்லிம் வகை 100 முதல் 150 எம்பி. அல்பைன் இன்னும் சிறியது. ஆனால் அதன் சி லைப்ரரி வேறு என்பதால் சில பைதன் பொதிகளை மூலநிரலிலிருந்து கட்டவேண்டி வரும். தொடக்கக்காரருக்கு ஸ்லிம் போதும். பதிப்பெண்ணையும் எழுதுங்கள், 'லேட்டஸ்ட்' என்று விட்டால் அடுத்த வருடம் அதே கோப்பு வேறொரு பைதனைக் கொண்டுவரும்.

கட்டி முடித்து ஓடவிட்டும் உலாவியில் ஒன்றும் வராவிட்டால் இரண்டைப் பார்க்கவேண்டும். போர்ட்டை (நிரலை அடையும் வாயில் எண்) வெளியே திறந்தார்களா? 8000:5000 என்றால் இடப்புறம் நமது கணினி, வலப்புறம் கொள்கலன். அது சரியென்றால், நிரல் 127.0.0.1இல் கேட்கிறதா? கொள்கலனுக்குள் அந்த முகவரி கொள்கலனையே குறிக்கும், 0.0.0.0 என மாற்றவேண்டும். தரவுத்தளம் இன்னொரு கொள்கலனில் இருக்கும்போது லோக்கல்ஹோஸ்ட் (127.0.0.1இன் பெயர்) என்று எழுதினால் இணையாததும் இதனால்தான். பல கொள்கலன்களைச் சேர்த்து ஓட்டுவதற்கான கொம்போஸ் கோப்பில் அந்தச் சேவைக்கு வைத்த பெயரையே முகவரியாகக் கொடுக்கவேண்டும்.

கொள்கலனை நிறுத்தினால் தரவு போகாது, நீக்கினால் போய்விடும். தரவுத்தளத்துக்கு, தரவைக் கொள்கலனுக்கு வெளியே வைக்கும் வொலியூம் கட்டாயம். கடவுச்சொல் உள்ள கோப்பை ஒரு வரியில் கொப்பி செய்து அடுத்த வரியில் அழித்தாலும் அது முந்தைய அடுக்கில் கிடக்கும். இமேஜ் கைக்கு வரும் எவரும் எடுக்கலாம். எவற்றை இமேஜுக்குள் எடுக்கக்கூடாது என்று பட்டியலிடும் டொக்கர் இக்னோர் கோப்பை முதல் நாளிலிருந்தே பழக்குங்கள்.

எல்லோருக்கும் வேகமான இணையம் தேவை என்பது தடையல்ல. ஆய்வுகூடத்தில் ஒரு கணினியில் மட்டும் இமேஜைத் தரவிறக்கி, டொக்கர் சேவ் கட்டளையால் ஒரே கோப்பாக்கி, பென் டிரைவில் கொடுக்கலாம். பிள்ளைகள் வீட்டில் டொக்கர் லோட் செய்தால் போதும். எக்ஸ்போர்ட் கட்டளையைப் பயன்படுத்த வேண்டாம், அதில் சிஎம்டி போன்ற அமைப்புகள் சேராது. செயற்றிட்டத்தையும் இதே வழியில் கையளிக்கச் சொல்லும்படி வகுப்பு நடத்துவோரைக் கேட்டுக்கொள்கிறோம். எம்1 வகை மக்கில் கட்டியவர்கள் மட்டும் கட்டும்போதே பிளட்ஃபோர்மை லினக்ஸ் ஏஎம்டி64 எனக் குறிப்பிடவேண்டும். இல்லாவிட்டால் ஆய்வுகூடத்து இன்டெல் கணினியில் அந்த இமேஜ் ஓடாது.

மென்பொருள் பயிற்றுநர்கள்,
திருகோணமலை.