வயிற்றுக்குள் 40 மில்லிகிராம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலி நிவாரணி மாத்திரைகளோடு யாராவது பிடிபட்டால் தங்கள் நாளிதழ் ‘போதை மாத்திரை’ என்று தலைப்பிடுகிறது. பிடிக்க வேண்டியவர்களைப் பிடிக்கட்டும். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் என் கை தானாக இடது அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கிறது. அங்கே தோலுக்கு அடியில் மார்பின் (morphine) என்ற கடும் வலி நிவாரணி இருக்கிறது. மருத்துவர் வைத்தது, சட்டப்படி வைத்தது.

27 ஆண்டுகள் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவன் நான். ஓடும் வண்டியில் நின்றே தேய்ந்த முதுகு. இரண்டு முறை அறுவைச் சிகிச்சை நடந்தது. எலும்பு சரியாகிவிட்டது என்று எக்ஸ்ரே சொன்னது. இடுப்பிலிருந்து பாதம் வரை இறங்கும் எரிச்சல் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மார்பின் மாத்திரை நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் வரை ஏறியது. வலி பாதி, தூக்கக் கலக்கம் பாதி. பேத்தியை அவள் அம்மாவின் பெயரால் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

2021-ல் சென்னையில் ஒரு மருத்துவமனையில், மார்பினைத் தண்டுவடத்துக்கே செலுத்தும் பம்ப் ஒன்றை வயிற்றில் வைத்தார்கள். முதலில் முதுகுத்தண்டில் மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்த்து, வலி குறைகிறது என்று உறுதியான பிறகே வைத்தார்கள். செலவுக்கு, மகளுக்கென்று வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றோம். மகள் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மருமகன் இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

தடித்த அதிரசம் அளவுள்ள டைட்டானியம் டப்பா அது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் தோலுக்கு அடியிலேயே இடுப்பைச் சுற்றிப் போய்த் தண்டுவடத்தைச் சூழ்ந்திருக்கும் நீரில் மருந்தைச் சொட்டுகிறது. உடம்பு முழுக்கச் சுற்றி வர வேண்டியதில்லை என்பதால் மிகக் கொஞ்சம் போதும். நடத்துநருக்குக் கணக்குப் பழக்கம் விடாது, கேளுங்கள்: தொட்டி 20 மில்லி. மில்லிக்கு 2 மில்லிகிராம் மார்பின். சிறுகச் சிறுகக் கூட்டி, இப்போது எனக்கு நாளொன்றுக்கு அரை மில்லிகிராம், அதாவது கால் மில்லி. அடியில் 2 மில்லி மீதி நிற்க வேண்டும். ஆக 72 நாள். தொட்டி முழுவதிலும் இருப்பது 40 மில்லிகிராம். முன்பு ஒரே நாளில் நான் விழுங்கியதைவிடக் குறைவு!

வலி போய்விட்டதா என்று கேட்கிறார்கள். இல்லை. பத்துக்கு ஒன்பதாக இருந்தது நாலாகியிருக்கிறது. நாலு என்றால், சந்தைக்கு நடந்து போய்க் கத்தரிக்காய் பேரம் பேச முடியும். வாங்கியதைத் தூக்கி வர முடியாது. மலச்சிக்கல் கூடவே இருக்கிறது. குப்புறப் படுக்க முடியாது. வேட்டியை எங்கே இறுக்குவது என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆயிற்று. மதுரை மீனாட்சி அம்மன் கோயில் வாசலில் சோதனைக் கருவி கத்தியபோது பம்புக்கான அடையாள அட்டையைக் காட்டினேன். “பேஸ்மேக்கரா ஐயா?” என்றார் காவலர். பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. பொறுக்க முடியாதது, 72 நாளுக்கு ஒருமுறை சங்கரன்கோவிலிலிருந்து சென்னைக்குப் போய்த் தொட்டியை நிரப்பி வருவது. ஏறத்தாழ 600 கிலோமீட்டர். அங்கே வேலை அரை மணி நேரம்தான். வயிற்றைச் சுத்தம் செய்து, தோல் வழியாக ஊசியைச் செலுத்தி, மிச்ச மருந்தை உறிஞ்சி அளந்து, புதியதை நிரப்புகிறார்கள். பிறகு ஒரு கருவியை வயிற்றின் மேல் வைத்துக் கணக்கைப் பதிகிறார்கள். பணிமனையில் வசூலை ஒப்படைப்பது போல, மிச்சமும் ஏடும் ஒத்துப்போக வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எனக்கு 19-ஆம் தேதி கெடு. ரயிலை நம்பமுடியாமல், இரண்டு நாள் கழித்து வாடகைக் காரில் கிளம்பினோம். திருச்சியைத் தாண்டியதும் வயிற்றுக்குள்ளிருந்து ‘பீப்’ என்றது. “சீட் பெல்ட் போடுங்கள் ஐயா” என்றார் ஓட்டுநர். மருந்து தீரப்போகிறது என்ற எச்சரிக்கை அது. உடனே நின்றுவிடாது, சில நாள் தாங்கும். ஆனால் திடீரென்று நின்றுபோனால் வலி திரும்புவதோடு வியர்வை, வயிற்றுப்போக்கு, நடுக்கம் எல்லாம் சேர்ந்து வரும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். சென்னை போய்ச் சேரும்வரை நான் வாயே திறக்கவில்லை.

எங்கள் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் கேட்டுப் பார்த்தேன். நிரப்பக் கற்றுக்கொள்வது பெரிய காரியமில்லை, மார்பினை வாங்கிப் பூட்டி வைத்துக் கணக்கெழுதுவதுதான் பயம் என்றார் அந்த மருத்துவர். நாளைக்கு விசாரணை என்று யாராவது வந்து நின்றால்? ‘போதை’ என்ற சொல் செய்யும் வேலை இதுதான். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தை 2014-ல் திருத்தி, அத்தியாவசிய மருந்துகள் என்று தனி வகை உண்டாக்கி, 2015-ல் மார்பின் உட்பட 6 மருந்துகளை அதில் சேர்த்துவிட்டார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் பல உரிமங்களுக்காக அலைய வேண்டியதில்லை. சட்டம் இறங்கி வந்துவிட்டது. பயம் இன்னும் மேலேயே நிற்கிறது.

தெற்கே ஏதாவது ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், கெடாமல் காக்கும் பதப்பொருள் கலக்காத மார்பினும், பம்பைப் பதியும் கருவியும், பழகிய ஒரு மருத்துவரும் இருந்தால் போதும். தசை இறுக்கத்துக்கு வேறு மருந்தோடு இதே பம்பை வைத்திருப்பவர்களும் உண்டு, அவர்களுக்கும் உதவும். சுகாதாரத் துறை கவனிக்க வேண்டும். தாங்களும் அடுத்த முறை தலைப்பிடும்போது, அது எந்த மாத்திரை, எதற்கான மருந்து என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது.

எனக்கு அடுத்த நிரப்பல் வரும் 23-ஆம் தேதி. பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் இன்னும் ஆர்.ஏ.சி.யில் நிற்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
சங்கரன்கோவில், தென்காசி மாவட்டம்.