வேட்பாளர் யாரென்று எங்களிடமும் ஒரு வார்த்தை கேட்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அதிபர் வேட்பாளர் தேர்வு பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த ஒரு வாசகர் கடிதம் படித்தேன். ஒரே கட்சிக்காரர்கள் தங்களுக்குள் மாதக்கணக்கில் மோதிக்கொள்வதும், மாகாணம் மாகாணமாகப் போய் ஓட்டுக் கேட்பதும், அதற்காகப் பணத்தைக் கொட்டுவதும் வீண் வேலை, நம் ஊரில் கட்சித் தலைமை ஒரே நாளில் பட்டியலை வெளியிட்டுவிடுகிறது, அதுவே மேல் என்று அவர் எழுதியிருந்தார். அவர் ஒரு தேர்தலிலாவது வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியிருக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நான் தக்கலை பக்கம் ஒரு கட்சியின் பூத் கமிட்டியில் இருப்பவன். எந்தக் கட்சி என்பதை விடுங்கள், இந்த விஷயத்தில் எல்லாக் கட்சியும் ஒன்றுதான்.

எங்களுக்கு என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். வீட்டுக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சுவர் பிடித்து, வெள்ளையடித்து, சின்னத்தை வரைந்துவிட்டு, பெயர் எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருப்போம். பெயிண்டர் தினமும் போன் போட்டு "அண்ணாச்சி, பேரு வந்தாச்சா?" என்று கேட்பார். பெயர் டிவியில்தான் வரும். சில சமயம் தொகுதியே கூட்டணிக்குப் போய்விடும், அப்போது வரைந்த சின்னத்தையும் நாங்களே அழிக்க வேண்டும். விருப்ப மனுவுக்குப் பணம் கட்டிவிட்டு, இரணியலில் அனந்தபுரி ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போய், நேர்காணலில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வந்த உள்ளூர்க்காரர்களை எனக்குத் தெரியும். இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி கொடுக்கும் பி பார்ம் வேறு யாருக்கோ போகும். மாப்பிள்ளை யாரென்று தாலி கட்டும் நேரத்தில் சொல்வது மாதிரிதான் இது. அதன்பிறகு உள்குத்து, வேலை செய்யவில்லை, எதிர்க்கட்சியிடம் பணம் வாங்கிவிட்டான் என்று தொண்டன் மேல் பழி வேறு.

அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள் என்றால், கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே பிரைமரி என்ற உட்கட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். சில மாகாணங்களில் அந்தக் கட்சிக்குப் பதிவு செய்தவர்கள் மட்டும் போடலாம், சிலவற்றில் யார் வேண்டுமானாலும் போடலாம். அயோவா என்ற மாகாணத்தில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ரொம்ப காலம் செய்துவந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. குளிர்கால இரவில் பள்ளிக்கூடத்திலோ சர்ச் ஹாலிலோ கூடுவார்கள். ஒரு மூலையில் ஒருவரின் ஆட்கள், இன்னொரு மூலையில் இன்னொருவரின் ஆட்கள் என்று எல்லோர் கண்முன்னே போய் நிற்பார்கள். தலையை எண்ணுவார்கள். பொதுவாக 15 சதவீதம் தேறாத கூட்டம் கலைந்து வேறு மூலைக்குப் போகலாம், அவர்களை இழுக்க மற்றவர்கள் வந்து பேசுவார்கள். பக்கத்து வீட்டுக்காரனே வந்து, "எங்க ஆளுக்கு வா, உங்க ஆளைத்தான் எங்களுக்கும் ரெண்டாவதா பிடிக்கும்" என்று பேசிப் பார்ப்பான். 2020-ல் முடிவுகளை அனுப்பக் கொண்டுவந்த செல்போன் செயலி சொதப்பி, யார் ஜெயித்தார் என்றே நாள்கணக்கில் தெரியாமல் போனது வேறு கதை. பிறகு அந்தக் கட்சி, முதலில் ஓட்டுப் போடும் மாகாணங்களின் வரிசையிலிருந்தே அயோவாவைத் தூக்கிவிட்டது.

அதே 2020-ல் ஜோ பைடன் அயோவாவில் நாலாவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. நம் ஊராக இருந்தால் ஆளை அப்போதே மூட்டை கட்ட வைத்திருப்பார்கள். பிப்ரவரி 29-ம் தேதி தெற்கு கரோலினாவில் கறுப்பின வாக்காளர்கள் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள், அடுத்த மூன்றே நாளில் ஆட்டம் மாறிப்போனது. எதிரில் நின்ற பெர்னி சாண்டர்ஸின் ஆட்கள் என் மாதிரித் தொண்டர்கள்தான், சின்னச் சின்ன நன்கொடையை வைத்தே பிரசாரத்தை ஓட்டியவர்கள். அவர் ஏப்ரலில் விலகி, சில நாளிலேயே பைடனை ஆதரித்துவிட்டார். 2008-ல் ஒபாமாவும் ஹிலாரியும் ஜனவரி முதல் ஜூன் வரை முட்டிக்கொண்டார்கள், அப்புறம் ஒபாமா அரசில் வெளியுறவு அமைச்சரே ஹிலாரிதான். நான் சொல்ல வருவது இதைத்தான். தோற்றவனுக்கு வயிறு எரியாமல் இருக்காது, ஆனால் என்னிடமும் கேட்டார்கள், எண்ணிப் பார்த்தார்கள், எங்கள் ஆளுக்கு ஓட்டு குறைவு என்று தெரிந்தால் மறுநாள் எழுந்து ஜெயித்தவனுக்கு வேலை செய்ய மனசு வரும். மேலிடத்தில் யாரோ கையைக் காட்டியவருக்கு வேலை செய்ய அந்த மனசு வராது.

அமெரிக்காக்காரன் பிறக்கும்போதே இப்படி இல்லை. 1968-ல் ஜனநாயகக் கட்சியின் ஹூபர்ட் ஹம்ப்ரி ஒரு பிரைமரியிலும் போட்டியிடாமலே, கட்சிப் பெரியவர்கள் தயவில் வேட்பாளரானார். அவரை வேட்பாளராக்கிய சிகாகோ மாநாட்டுக்கு வெளியே தெருவில் போலீஸ் அடிதடி, உள்ளே கூச்சல் குழப்பம், அந்தத் தேர்தலிலும் தோல்வி. அதற்குப் பிறகுதான் விதியை மாற்றி 1972 முதல் பிரைமரியை முக்கியமாக்கினார்கள். அடி வாங்கித்தான் திருந்தினார்கள்.

இப்போதும் ஓட்டை இல்லாமல் இல்லை. என் அக்காள் மகன் நியூ ஜெர்சியில் குடியுரிமை வாங்கி ஓட்டுப் போடுகிறான். அவன் புலம்பல் என்னவென்றால், அவர்கள் மாகாணத்துக்கு முறை வருவதே பெரும்பாலும் ஜூன் மாதத்தில், அதற்குள் வேட்பாளர் யாரென்று ஊருக்கே தெரிந்துவிடுகிறது. அதைவிட, 2024 வரை அங்கே மாவட்டக் கட்சித் தலைவர்கள் யாரைக் கைகாட்டினார்களோ அவர்கள் பெயரையெல்லாம் ஓட்டுச் சீட்டில் ஒரே வரிசையில் பளிச்சென்று போட்டு, மற்றவர்களை ஏதோ ஓரத்தில் தள்ளிவிடுவார்களாம். நம் மாவட்டச் செயலாளர்கள் கெட்டார்கள்! 2024-ல் செனட் தேர்தலுக்கு ஆளுநரின் மனைவியே அந்த வரிசையை நம்பி இறங்கினார். அதே கட்சியில் எதிர்த்து நின்ற ஆண்டி கிம் கோர்ட்டுக்குப் போனார். ஆளுநரின் மனைவி மார்ச் மாதம் விலகினார், சில நாளில் நீதிபதி அந்த வரிசைக்கே தடை போட்டார். கிம் இன்று செனட்டர்.

கமலா ஹாரிஸ் விஷயமும் சொல்ல வேண்டும். அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் அபிஷேகம் நடந்தது, பேனர் கட்டினார்கள், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவர் 2019 டிசம்பரிலேயே, ஒரு ஓட்டுகூடப் பதிவாவதற்கு முன், போட்டியிலிருந்து விலகியவர். 2024-ல் பைடன் ஜூலையில் ஒதுங்கியதும் பிரைமரி எதுவும் இல்லாமல் வேட்பாளரானார். நேரம் இல்லை என்பது உண்மைதான். தோற்றதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் "எங்களைக் கேட்டீர்களா?" என்ற முணுமுணுப்பு அவர் கட்சிக்குள்ளேயே இருந்தது.

இங்கே இதெல்லாம் நடக்காது என்பார்கள். 1966-ல் காமராஜர் கட்சித் தலைவராக இருந்தபோது பிரதமர் யார் என்று காங்கிரஸ் எம்பிக்கள் ஓட்டுப் போட்டுத்தான் தீர்த்தார்கள், இந்திராவுக்கு 355, மொரார்ஜிக்கு 169. மூன்று வருடம் கழித்து அதே காமராஜரை நாகர்கோவில்தான் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 2022-ல் காங்கிரஸ் தலைவர் பதவிக்குக் கார்கேயை எதிர்த்து நம் பக்கத்துத் திருவனந்தபுரம் எம்பி சசி தரூர் நின்று 1,072 ஓட்டு வாங்கினார். தோற்றார், கட்சி உடைந்துவிடவில்லை. 2014-ல் அதே கட்சி சில மக்களவைத் தொகுதிகளில் அமெரிக்க பாணியில் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தது. வதோதராவில் அந்த உட்கட்சி ஓட்டில் ஜெயித்த உள்ளூர்க்காரர், மோடி அங்கே நிற்கிறார் என்றதும் மதுசூதன் மிஸ்திரிக்கு இடம் விட வேண்டியதாயிற்று. அந்த முறையே தோல்வி என்கிறார்கள். அந்த வருடம் நாடு முழுக்க 44 இடம்தான் கிடைத்தது, மேலிடம் தேர்ந்தெடுத்தவர்கள் மட்டும் என்ன கிழித்தார்கள்?

அமெரிக்கா மாதிரிக் கோடிகளைக் கொட்டச் சொல்லவில்லை. அந்தப் பணக்கூத்தை அப்படியே இறக்குமதி செய்தால் இங்கே ஓட்டுக்குப் பணம் கட்சிக்குள்ளேயே ஆரம்பித்துவிடும், அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனால் நேற்றுச் சேர்ந்தவர்களுக்கு ஓட்டு வேண்டாம், குறைந்தது இரண்டு வருடமாவது உறுப்பினராக இருப்பவர்கள் மட்டும் போடட்டும். நம் மாவட்டத்தில் சட்டமன்றத் தொகுதிகள் ஆறுதான். தலைமை மூன்று பெயரை அனுப்பட்டும், ஒரு தொகுதிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கல்யாண மண்டபம், ஒரு ஓட்டுப் பெட்டி, எல்லோர் முன்னிலையிலும் எண்ணட்டும். சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல், மே வாக்கில்தான் வரும். மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் மண்டபங்கள் குறைந்த வாடகைக்குக் கிடைக்கலாம், கிறிஸ்துமஸ், புத்தாண்டு கழிந்த பிறகு வரும் ஞாயிறுகளில் வைத்துக்கொண்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, பெயிண்டருக்கும் பொங்கலுக்குள் பெயர் சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு பூத் கமிட்டி உறுப்பினர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.