பொருந்தவில்லை என்று சொன்னார்கள்

காரைக்குடி,
மாசி 14

அன்புள்ள தெய்வானைக்கு,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. பேரனுக்குக் காது குத்தினாய், வரவில்லை. வாங்க வேண்டிய திட்டை எல்லாம் சேர்த்து வை, நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். நான் நலம். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, நூலகத்தில் மழை ஒழுகுகிற மூலை இன்னும் ஒழுகுகிறது, ஒற்றைக்கண் பூனை இன்னும் உயிரோடு இருக்கிறது. விசாரிப்பு முடிந்தது.

இதை உனக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் மேட்னி ஷோ விஷயத்தில் உண்மையைச் சொல்லி நாற்பது பேரை வெயிலில் முட்டி போட வைத்த புண்ணியவதி நீ. (குண்டு இன்னும் உன்னை மன்னிக்கவில்லை. போன மாதம்கூடச் சொன்னாள்.) பொய்யைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்தால் உன்னிடம்தானே வர வேண்டும்?

அண்ணனுக்குச் சர்க்கரை இருபது வருஷமாக இருப்பது உனக்குத் தெரியும். அது சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. ஆவணியிலிருந்து டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். இடது கையில் ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள், ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்து. அதன்மேல் விரலை வைத்தால் பூனை மடியில் படுத்து உறுமுகிற மாதிரி இருக்கும். முதல் நாள் தொட்டுவிட்டு நான் அழுதேன். அவர் சிரித்தார்.

வியாழக்கிழமை என் முறை. அண்ணனை உனக்குத் தெரியாதா, படுத்த இடத்திலும் கணக்குத்தான். டெக்னீசியன் தம்பியைக் கூப்பிட்டு, "இந்த மிசின் எத்தனை தண்ணி குடிக்கும்?" என்றார். நிமிஷத்துக்கு அரை லிட்டர் என்று அந்தப் பையன் சொன்னான். நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர். "எட்டுக் குடம். வாரத்துக்கு இருபத்து நாலு குடம். ஆர்.ஓ. கழிச்சு ஊத்துறது தனி." மழைத்தண்ணி வளவு முற்றத்தில் விழுவதைக் கிடாரத்தில் பிடித்து வைத்த வீட்டில் பிறந்தவர் அல்லவா? ஊருணிக் கரையில் குடத்தோடு நின்ற பெண்டுகளை நினைத்துக்கொண்டார் போல. "ஒரு கிழவன் உசுரோட இருக்க இத்தனை தண்ணியா உமையா?" என்று கேட்டார். நான் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளையார் நோன்பு அன்று ஊரில் எல்லாரும் கூடியிருந்தோம். இழை எடுத்துக்கொண்டு இன்னும் எழுந்திருக்கக்கூட இல்லை. தேவகோட்டை அயித்தை ஆரம்பித்தாள். "எத்தனை நாளைக்கு மிசின்ல கட்டிப் போடுறது? வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்கில்ல." அண்ணன் பெண்டாட்டி, அண்ணமிண்டிக்கும் சர்க்கரை, அதனால் அவளுடையதை எடுக்க மாட்டார்கள். பெரியவன் சிங்கப்பூரில், சின்னவன் சென்னையில். இருவரும் 'வாழ வேண்டிய பிள்ளைகள்'. எல்லாக் கண்ணும் சுற்றிச் சுற்றி என்மேல் வந்து நின்றது. அயித்தை முடித்தும் வைத்தாள்: "உமையாளுக்கு என்ன, பிள்ளையா குட்டியா? இந்த வீட்டுப் பொண்ணுதானே."

அந்தக் கடைசிச் சொல்தான் எனக்குச் சுருக்கென்றது. கோயிலில் குடும்பங்களை எண்ணிப் புள்ளிக் கணக்கு எழுதும்போது நான் இந்த வீட்டுப் பெண் இல்லை. வளவு வீட்டை ஷூட்டிங்குக்கு விட்டுப் பங்காளிகள் பணம் பிரித்தபோதும் இல்லை. 2011ல், சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று ஒரு விடுதலைப் பத்திரம் நீட்டினார்கள். பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லும் நாடு முழுக்க 2005லும் சட்டம் வந்த பிறகுதான், அது தெரிந்தும்தான், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அப்போது நீ என்னை என்ன சொல்லித் திட்டினாய் என்று ஞாபகம் இருக்கிறது, திரும்பச் சொல்ல வேண்டாம். ஆத்தங்குடிக் கல் ஒன்றுகூட என் பேரில் இல்லாத வீட்டுக்கு, என் விலாவுக்குக் கீழே இருக்கிற ஒன்று மட்டும் பொதுச்சொத்தாகிவிட்டது.

ஆனாலும் போனேன். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ரத்த வகை ஒன்று. திசு ஒத்துப்போகிறது. ஒவ்வொரு சிறுநீரகமும் தனித்தனியாக எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு ஸ்கேன், ரத்தக்குழாய் பார்க்க ஒரு சி.டி. பெரும்பாலும் இடது பக்கத்தைத்தான் எடுப்பார்களாம், அந்தப் பக்கத்துச் சிரைக்குழாய் நீளம், தைக்க வசதி. தையற்காரர் மடிப்புத் துணி விட்டு வெட்டுவது மாதிரி எனக்குப் பட்டது.

கடைசி நாள், எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு என்னை மட்டும் உட்கார வைத்தார்கள். ஒரு டாக்டரம்மா, ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு சின்னப் பெண். தருவது பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவள் சம்மதத்தை வாங்கிக்கொள்பவரைத் தவிர வேறொருவர் உறுதி செய்ய வேண்டும் என்று 2014 விதிகளிலேயே இருக்கிறதாம். சட்டம் எழுதினவர்களுக்கு நம் வீடுகள் தெரிந்திருக்கின்றன தெய்வானை. இந்தியாவில் உயிரோடு இருக்கும்போது உறுப்பு கொடுப்பவர்களில் ஐந்தில் நாலு பேர் பெண்கள், வாங்கிக்கொள்பவர்களில் ஐந்தில் நாலு பேர் ஆண்கள் என்று அந்தச் சின்னப் பெண் சொன்னாள். எனக்கு ஆச்சரியமே வரவில்லை. அந்த ஐந்தாவது ஆண் யார் என்று பார்க்கத்தான் ஆசையாக இருந்தது.

டாக்டரம்மா கேட்டார்: "யாராவது கட்டாயப்படுத்தினார்களா?" இல்லை என்றேன். "உங்கள் அண்ணன் கேட்டாரா?" அதற்கும் இல்லை. அப்போதுதான் எனக்கே உறைத்தது. யாருமே என்னைக் கேட்கவில்லை. சிபிச் சக்கரவர்த்தியிடமாவது புறா வந்து அடைக்கலம் கேட்டது, பருந்து தன் பங்கைக் கேட்டது. இங்கே புறாவும் வாய் திறக்கவில்லை, பருந்தும் திறக்கவில்லை. அயித்தை தராசை மட்டும் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்துவிட்டாள்.

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவர் மெதுவாகச் சொன்னார். "உங்களுக்கு மனம் இல்லை என்றால் இப்போதே சொல்லுங்கள். வெளியே 'இவர் தகுந்த கொடையாளர் இல்லை' என்று மட்டும் சொல்வோம். காரணம் யாருக்கும் சொல்ல மாட்டோம்." அது பொய் இல்லையா என்று கேட்டேன். "மனம் இல்லாதவர் தகுந்தவர் இல்லைதானே" என்றார்.

இதை நீ எந்தக் கணக்கில் எழுதுவாய்?

ஒரு மாதமாக நூலகத்தில் இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1954 டிசம்பரில் பாஸ்டனில் நடந்திருக்கிறது. ரொனால்டு, ரிச்சர்டு ஹெரிக் என்று இரட்டையர், ஜோசப் மர்ரே என்ற டாக்டர். தீங்கு செய்யாதே என்பது வைத்தியனுக்கு முதல் பாடம். ஒரு நோயும் இல்லாத ஒருவனை, அவனுக்கு எந்தப் பலனும் இல்லாமல், கத்தியால் கிழிக்கலாமா என்று அப்போதே பெரிய விவாதம் நடந்திருக்கிறது. ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி, ரிச்சர்டு தம் சகோதரனுக்கு ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினானாம், எழுந்து வீட்டுக்குப் போய்விடு என்று. இங்கேதான் இருப்பேன் என்று ரொனால்டு பதில் எழுதினான். ரிச்சர்டு இன்னும் எட்டு வருஷம் இருந்தான். ரொனால்டு ஒற்றைச் சிறுநீரகத்தோடு 2010 வரை. ஆக, பயப்பட ஒன்றுமில்லை. கொடுப்பவர் இறந்துபோவது பத்தாயிரத்தில் மூன்று பேர் அளவுக்குத்தான். அந்த மூன்று பேரில் ஒருத்தியாக என்னை நான் எத்தனை ராத்திரி வைத்துப் பார்த்தேன் என்பது வேறு கதை.

நம் பக்கத்துச் சங்கதி வேறு மாதிரி. வேலூர் சி.எம்.சி.யில் 1971ல் ஆரம்பித்தது. எண்பதுகளில் வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்றே பெயர் வந்துவிட்டது, கடனுக்காக விற்றவர்கள் அத்தனை பேர். அதைத் தடுக்க 1994ல் சட்டம். பணம் கொடுத்து வாங்கினால் ஜெயில். சரிதான். பாசத்தைச் சொல்லி வாங்கினால் எந்தச் சட்டம் கேட்கும்? கடன்காரன் வாசலில் நின்றால் ஊருக்குத் தெரியும். அயித்தை நடுவீட்டில் உட்கார்ந்திருந்தால் அது குடும்ப விசேஷம். மூளைச்சாவில் போனவர்களிடமிருந்து வருவதற்கும் பதிந்திருக்கிறோம். 2008ல் ஹிதேந்திரனின் அப்பா அம்மா, இருவரும் டாக்டர்கள், அந்த நிலையிலும் சம்மதித்தார்கள் இல்லையா, அதற்கப்புறம்தான் இந்த மாநிலத்தில் இது ஓர் இயக்கம் மாதிரி ஆனது. இப்போது உறுப்புக் கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதைகூட உண்டு. ஆனால் வரிசை நீளம்.

இவ்வளவு படித்தேன். இதெல்லாம் படிப்பதற்கு முன்பே, அந்த அறையில், "அப்படியே சொல்லிவிடுங்கள் டாக்டர்" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சின்னப் பெண்ணைத் தவிர, டாக்டரைத் தவிர, நீதான்.

பயமா, கோபமா என்று கேட்காதே. கோபம் என்று சொல்லிக்கொள்ளத்தான் பிடித்திருக்கிறது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று சொல்லிக்கொள்கிறேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா?

அதற்குப் பிறகு நடந்தது நல்ல கூத்து. தகுந்தவள் இல்லை என்றதும் அயித்தைக்கு என்மேல் திடீர்க் கரிசனம். "உள்ளுக்குள்ள என்ன வியாதியோ, டாக்டர் சொல்ல மாட்டேங்கிறாரே!" அண்ணமிண்டி எனக்கென்று உப்பில்லாமல் தனியாகச் சமைக்கிறாள். பந்தியில் வெள்ளைப் பணியாரம் வந்தால் என் இலையைத் தாண்டிப் போகிறது. யாரோ என்ன கோளாறு என்று கேட்க, நான் "ரத்தக்குழாய்" என்று முனகிவைத்தேன். இப்போது ஊர் முழுக்க எனக்கு ரத்தக்குழாய். கல்லுக்குண்டு மாதிரி இருக்கிற நான் படியேறும்போது இரண்டு பேர் கையைப் பிடிக்கிறார்கள். டாக்டர் சொன்னது பொய்யோ இல்லையோ, அதற்கு நான் பெற்ற குட்டிகள் எல்லாம் சுத்தமான பொய்.

இதோடு நின்றிருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

போன வியாழக்கிழமை, மிசின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் தூங்குகிறார் என்று நினைத்தேன். கண்ணை மூடியபடியே பேசினார். "உனக்குப் பொருந்தலைன்னு சொன்னதும் எனக்கு நிம்மதியாப் போச்சு உமையா. பொருந்தியிருந்தா, வேண்டாம்னு சொல்ற தைரியம் எனக்கு இருந்திருக்காது."

நான் எழுந்து போய்ப் பாத்ரூமில் நின்றேன்.

அவர் கேட்டுவிட்டார், பார்த்தாயா? அவருக்குத் தெரிந்த விதத்தில். கேட்கவில்லை என்று சொல்லியே கேட்டுவிட்டார். அன்றிலிருந்து எனக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. நிஜமாகவே தோன்றுகிறது, அயித்தைக்காக இல்லை. ஆனால் எப்படி? பொருந்தாத சிறுநீரகம் மாசி மாதத்தில் எப்படிப் பொருந்தும்? 'இல்லை' என்று சொல்ல எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார்கள். நான் வெளியே வந்ததும் அது பின்னால் சாத்திக்கொண்டது. டாக்டரம்மா கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் செய்தார். நான் மனம் மாறினால் என்ன ஆகும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நேற்று அந்த ஒருங்கிணைப்பாளர் பெண்ணுக்குப் போன் செய்தேன். ஃபைல் அப்படியே இருக்கிறது என்றாள். "மறுபரிசோதனையில் சரியாக இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம் மேடம், அதற்கும் வழி இருக்கிறது." மறுபடி ஒரு கதை. இல்லையென்றால் அண்ணனிடம் உட்கார்ந்து நேராகச் சொல்ல வேண்டும்: எல்லாம் பொருந்தியது, நான்தான் வேண்டாம் என்றேன். அதைக் கேட்ட பிறகு அவர் என்னிடமிருந்து எதையாவது வாங்கிக்கொள்வாரா? மோர்கூட வாங்க மாட்டார், அந்த வீம்பு அப்பச்சி வழி.

அந்தப் பெண்ணிடம் இந்த மாதக் கடைசிக்குள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

நீ பதில் கடிதம் எழுதாதே. தபால் பிள்ளை அதை அண்ணன் கடையில் கொடுத்துவிட்டுப் போகும், அவர் உன் கையெழுத்தைப் பார்த்தால் பிரித்துவிடுவார். பள்ளிக்கூடத்திலிருந்தே அவருக்கு அந்தப் பழக்கம், ஏன் என்று உனக்கே தெரியும். வியாழக்கிழமை பத்து மணிக்கு மேல் போன் பண்ணு. நாலு மணி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருப்பேன். அண்ணன் பக்கத்திலேயே படுத்திருப்பார், அதனால் நீதான் பேச வேண்டும். நான் 'உம்' மட்டும் கொட்டுவேன்.

உன்
உமையாள்

பி.கு: கோயம்புத்தூர் வெண்ணெய் வேண்டாம், இங்கே எனக்கு யாரும் தின்னக் கொடுக்க மாட்டார்கள்.