ரம்மித் தளமாகிப்போன பள்ளிச் சங்கத்தின் இணைய முகவரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம் வழங்கும் கல்வி உதவித்தொகை குறித்துச் சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் நாளிதழில் வெளியான செய்தி, இணையப் பதிப்பில் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. விண்ணப்பப் படிவத்துக்கென அச்செய்தியின் இறுதியில் தரப்பட்டுள்ள முகவரியை இப்போது அழுத்தினால், பணம் வைத்து ஆடும் ரம்மித் தளம் ஒன்று திறக்கிறது. இதை எங்களுக்குத் தெரிவித்தவர், மகளுக்காகப் படிவம் தேடிய ஒரு தந்தை. அவர் தொலைபேசியில் கேட்ட கேள்வியை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

நடந்தது இதுதான். 2012ஆம் ஆண்டு, பக்கத்து நகரத்தில் கணினி மையம் நடத்திவந்த இளைஞர் ஒருவர் எங்களுக்கு இணையதளம் அமைத்துத் தந்தார். டாட் ஆர்க் என்று முடியும் இணைய முகவரியை, அதாவது டொமைன் பெயரையும் அவரே, தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிவு செய்தார். ஆண்டுதோறும் அவர் கேட்ட தொகையைக் கொடுத்து, ரசீதைக் கோப்பில் வைத்ததோடு எங்கள் பொறுப்பு முடிந்துவிட்டதாக நினைத்தோம். அவர் மையத்தை மூடிவிட்டு வெளிநாடு சென்ற பிறகு, புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்புகள் யாரும் திறந்து பார்க்காத மின்னஞ்சல் பெட்டி ஒன்றில் போய் விழுந்திருக்கின்றன. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பத்திரம் யார் பெயரில் எழுதப்படுகிறது என்று பார்க்காமல் ஒரு சென்ட் நிலமாவது வாங்கியிருப்போமா?

டொமைன் பெயர்களுக்கான விதிகளை வகுக்கும் ஐகான் அமைப்பு, டாட் காம், டாட் ஆர்க் போன்ற பெயர்களை விற்கும் பதிவு நிறுவனங்கள் காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், காலாவதியான 5 நாட்களுக்குள் மீண்டும் ஒருமுறையும் உரியவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று 2013 முதல் கட்டாயமாக்கியுள்ளது. காலாவதியான மறுநாளே பெயர் கைவிட்டுப் போவதும் இல்லை. பதிவு நிறுவனம் அதிகபட்சம் 45 நாட்கள் வரை அதை வைத்திருக்கலாம். அதன்பின் நீக்கப்பட்டாலும், வழக்கமான கட்டணத்தைப்போலப் பல மடங்கு செலுத்தி மீட்டுக்கொள்ள இன்னொரு 30 நாட்கள் உண்டு. அதற்கும் பிறகு, யாராலும் எதுவும் செய்ய முடியாத 5 நாட்கள் கழிந்தால்தான் அந்தப் பெயர், யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளும்படி பொதுவில் விழும். கணக்கு பார்த்தால் எங்களுக்கு இரண்டு மாதங்களுக்கு மேல் அவகாசம் இருந்திருக்கக்கூடும். அந்தக் காலம் முழுவதும் எங்கள் தளம் திறக்கவில்லை என்பதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை. தேர்வு விடுமுறைக் காலத்தில் அதைத் திறந்து பார்க்க யாருக்கும் வேலை இருக்கவில்லை.

ஆனால் இந்த 45 நாட்களை உறுதியான கெடு என்று யாரும் நம்பிவிட வேண்டாம். அதை எவ்வளவு குறைத்துக்கொள்வது என்பது பதிவு நிறுவனத்தின் விருப்பம். மேலும் பல நிறுவனங்கள் காலாவதியான பெயரை நீக்கும் கட்டத்துக்கே கொண்டுசெல்லாமல், சில வாரங்களிலேயே ஏலம் விட்டு, வென்றவருக்கு நேரடியாக மாற்றிக் கொடுத்துவிடுகின்றன. நாம் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்திலேயே அதற்கு அனுமதி எழுதப்பட்டிருக்கும். ஏலத்துக்குப் போகாமல் பொதுவில் விழும் பெயர்களையும், விழும் நொடியிலேயே பிடிப்பதற்கென்று தானியங்கி நிரல்களோடு காத்திருக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. நள்ளிரவில் கண்விழித்து உட்கார்ந்தாலும் அவற்றோடு நம் விரல்கள் போட்டியிட முடியாது. பெயர் வேண்டுமென்றால் அத்தகைய நிறுவனம் ஒன்றிடமே முன்கூட்டிப் பதிந்துவைக்க வேண்டும். ஒரே பெயருக்குப் பலர் பதிந்திருந்தால் அங்கும் ஏலம்தான்.

ஒரு கிராமப் பள்ளிச் சங்கத்தின் பெயர் சூதாட்டக்காரருக்கு எதற்கு என்று எங்கள் பொருளாளர் கேட்டார். பெயரில் அவர்களுக்கு அக்கறை இல்லை. அந்த முகவரிக்குத் தங்கள் நாளிதழும் இரண்டு கல்லூரிகளின் தளங்களும் கொடுத்திருந்த இணைப்புகளைத்தான் அவர்கள் வாங்கினார்கள். நம்பகமான தளங்கள் சுட்டும் முகவரியைத் தேடுபொறிகள் மதிக்கின்றன. பல ஆண்டுகள் நாங்கள் உதவித்தொகை கொடுத்துச் சேர்த்த மதிப்பு, இப்போது ரம்மிக்கு ஆள் சேர்க்கிறது.

இதைவிடவும் எனக்கு அச்சம் தருவது மின்னஞ்சல். டொமைன் பெயர் கைமாறினால், அந்தப் பெயரில் முடியும் எல்லா மின்னஞ்சல் முகவரிகளும் புதியவர் வசமாகின்றன. வங்கிக் கணக்குக்கோ வேறு சேவைக்கோ அந்த மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால், கடவுச்சொல்லை மாற்றுவதற்கான கடிதம் அவருக்கே போகும். நல்லவேளையாக, எங்கள் வங்கிக் கணக்கில் பொருளாளரின் சொந்த மின்னஞ்சல் இருந்தது.

பெயரை மீட்க முயன்றோம். பதிவு விவரங்களைப் பார்த்தால் உரிமையாளர் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. பதிவு நிறுவனத்தின் படிவம் வழியாக எழுதியபோது, லட்சக்கணக்கில் விலை கேட்டு ஓர் இடைத்தரகரிடமிருந்து பதில் வந்தது. சட்ட வழியும் இருக்கிறது. டொமைன் பெயருக்கும் வணிகக்குறிக்குரிய பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004ஆம் ஆண்டே சொல்லியிருக்கிறது. டொமைன் பெயர்த் தகராறுகளுக்கென 1999 முதல் நடப்பில் உள்ள பன்னாட்டுத் தீர்வு முறையில் முறையிடவும் செய்யலாம். ஆனால் அதற்கு நம் பெயரில் வணிகக்குறி உரிமை இருப்பதையும், எதிர்த்தரப்புக்கு அப்பெயரில் நியாயமான உரிமை இல்லை என்பதையும், தீய நோக்கத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார் என்பதையும் மூன்றையும் நிரூபிக்க வேண்டும். உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் ஒரே நடுவர் விசாரிக்கும் வழக்குக்கான கட்டணம் மட்டும் 1,500 டாலர். ஊர்ப்பெயரோடு 'பழைய மாணவர்' என்ற சொல்லைச் சேர்த்த எங்கள் முகவரிக்கு வணிகக்குறி என்று எதைக் காட்டுவது? அந்தப் பணத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு ஓராண்டு உதவித்தொகை கொடுக்கலாம் என்று பொதுக்குழு முடிவு செய்தது. எனக்கும் அதுவே சரியெனப் பட்டது.

மறதி எங்களைப் போன்ற சிறியவர்களுக்கு மட்டும் வருவதல்ல. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட், தன் ஹாட்மெயில் மின்னஞ்சல் சேவைக்குள் நுழையப் பயன்பட்ட பாஸ்போர்ட் டாட் காம் பெயரைப் புதுப்பிக்க மறந்ததில் அதன் பயனர்கள் தவித்தார்கள். மைக்கேல் சேனி என்ற நிரலாளர் கிறிஸ்துமஸ் நாளன்று தம் கையிலிருந்து 35 டாலர் கட்டிப் புதுப்பித்தார். எங்களுக்கு ஒரு சேனி வாய்க்கவில்லை.

இப்போது டாட் இன் என்று முடியும் வேறு பெயரை, சங்கத்தின் பெயரிலேயே, செயலாளர், பொருளாளர் இருவரும் பார்க்கும் மின்னஞ்சலைக் கொடுத்து, 5 ஆண்டுகளுக்குப் பதிவு செய்திருக்கிறோம். பள்ளிகள், கோயில் அறக்கட்டளைகள், சிறு கடைகள் என்று பிறரிடம் சொல்லி இணையதளம் செய்துகொண்டவர்கள், தங்கள் முகவரி யார் பெயரில் இருக்கிறது, எந்த நாளில் காலாவதியாகிறது என்பதை இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுகிறேன். தளம் அமைத்துத் தருபவர்களும், கட்டண ரசீதில் முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் காலாவதி தேதியையும் எழுதிக் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பழைய செய்தி அப்படியே இருக்கட்டும். அதன் கடைசி வரியிலுள்ள இணைப்பை மட்டும் நீக்கிவிடும்படி தங்கள் இணையப் பிரிவினரிடம் சொல்லுங்கள். இரண்டு கல்லூரிகளுக்கும் இதே வேண்டுகோளை அனுப்பியிருக்கிறோம், ஒன்று நீக்கிவிட்டது.

இப்படிக்கு,
செயலாளர், முன்னாள் மாணவர் சங்கம்,
மதுரை மாவட்டம்.