கியை மடித்து வைத்துவிடாதே

தோ பாயோ, சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வம்,

உன் முழங்கால் சவ்வு கிழிந்த விஷயம் உன் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? நாற்பது வருடப் பழக்கம் நமக்கு. தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கலாம். நேரில் வரும்போது ஆசை தீரத் திட்டிக்கொள். ஆனால் ஜியு ஜிட்சு மல்லுக்கு நாம் அணியும் கியைத் துவைத்து மடித்து மருமகனிடம் கொடுத்துவிட்டு, “இனி பாய்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன்” என்று சொன்னாயாமே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் வீட்டு விவரங்கள். மகன் தேசிய சேவையை முடித்துவிட்டான். மகளுக்குப் பொங்கோலில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது. சாயம் பூசுவதை நானும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்கிறோம். வீட்டில் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். மூவார் பஸ் கதையை மருமகப் பிள்ளையிடமும் சொல்லிவிட்டாள், இனி நீ இந்தப் பக்கம் வந்தால் தப்ப முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். முழங்கால் போய்விட்டது, அதனால் ஜியு ஜிட்சுவும் போய்விட்டது என்று நீ முடிவு கட்டியிருக்கிறாய். கீழே கிடந்தபடி கால்களால் எதிராளியைத் தடுத்து ஆடுவதுதானே கார்ட். அதில் இன்று நாம் ஹாஃப் கார்ட் என்று பழகுகிறோமே, அது ஆடத் தகுந்த ஒரு கார்டாக வளர்ந்ததே ஒருவருக்கு முழங்கால் கெட்டதால்தான் என்பது உனக்குத் தெரியுமா? ரியோவைச் சேர்ந்த ரோபர்ட்டோ கொரியா. கோர்டோ என்றால்தான் அந்த உலகத்தில் தெரியும். 1990களின் தொடக்கத்தில் அவருக்கு முழங்காலில் அடிபட்டது. கால்களை எதிராளியின் இடுப்பைச் சுற்றிப் பூட்டும் குளோஸ்டு கார்டை அந்தக் காலை வைத்துக்கொண்டு ஆட முடியவில்லை. பயிற்சியை விட மனமில்லாமல், எதிராளியின் ஒரு காலை மட்டும் தன் இரண்டு கால்களுக்கிடையே சிக்கவைத்துக்கொண்டு கீழே இருந்தே போராடிப் பார்த்தார். அதுவரை அந்த நிலைக்கு மரியாதையே கிடையாது. கார்டைத் தாண்டிப் போகிறவனுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது, கீழே கிடப்பவனுக்குக் கடைசி மூச்சு, அவ்வளவுதான். அங்கிருந்து புரட்டிப்போட வழி உண்டு என்று அவர் செய்து காட்டிய பிறகு உலகம் முழுவதும் அதைக் கற்றுக்கொண்டது.

நாம் இருவரும் ஜூடோவிலிருந்து வந்தவர்கள் என்பதால் இது நமக்கு இன்னும் நன்றாகப் புரிய வேண்டும். அந்தக் காலத்தில் 30 வினாடி அமுக்கி வைத்தால் இப்போன், முழு வெற்றி. கழுத்தையும் கையையும் அணைத்து அமுக்கும் கேசா கதாமேயை நீ போட்டுவிட்டால் யாரால் எழுந்திருக்க முடிந்தது? கீழே கிடப்பவன் எப்படியாவது உன் ஒரு காலைத் தன் கால்களால் பின்னிவிட்டால்தான் நடுவர் “தோகெத்தா” என்பார், கணக்கு நிற்கும். நமக்கு அது மூச்சு வாங்கக் கிடைத்த இடைவெளி. அந்தக் கால்பின்னல்தான் இன்று ஒரு முழு ஆட்டமாக வளர்ந்து நிற்கிறது.

போன வாரம் எங்கள் பயிற்சிக் கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்ற சீனர் ஒருவர் வருகிறார், அறுபதைத் தாண்டியவர். விரல் கணுக்கள் எல்லாவற்றிலும் வெள்ளை டேப். அவரோடு மோதியவன் என் மகனின் வயதுக்காரன், நல்ல பலசாலி, மூச்சு வாங்குவதே தெரியாது. பெரியவர் ஒரு தடவைகூட மல்லாந்து படுக்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, பையனின் ஒரு காலை உள்ளே சிக்கவைத்துக்கொண்டார். மேல்பக்க முழங்காலை அவன் நெஞ்சுக்குக் குறுக்கே கேடயம் மாதிரி வைத்தார். ஒரு முன்கையை அவன் கழுத்தெலும்பில் முட்டுக் கொடுத்தார், இன்னொரு உள்ளங்கை அவன் புஜத்தின் மேல். அவ்வளவுதான். பையன் இந்தப் பக்கம் தள்ளினான், அந்தப் பக்கம் இழுத்தான். பெரியவர் வாயைக் குவித்து நிதானமாக மூச்சை விட்டுக்கொண்டே இருந்தார். கால் எலும்பும் கை எலும்பும் பாரத்தைத் தாங்கின, தசைக்கு அங்கே வேலையே இல்லை.

கடைசியில் பையனுக்குப் பொறுமை போய்விட்டது. முழு எடையையும் போட்டு அவரைத் தட்டையாக அமுக்கப் பார்த்தான். அந்த நொடியில் பெரியவர் முழங்காலைச் சற்றே இறக்கி, மேல் கையை அவன் அக்குளுக்கு அடியில் நுழைத்து, நெற்றியை அவன் மார்போடு ஒட்டவைத்துக்கொண்டார். முழங்கையை ஊன்றினார், பிறகு உள்ளங்கையை ஊன்றினார், மெதுவாகப் பக்கவாட்டில் எழுந்தார். சிக்கியிருந்த காலின் பாதத்தை இன்னொரு கையால் பற்றிக்கொண்டு அவனைத் தோளால் நெட்டினார். ஊன்றிக்கொள்ள அவனுக்குக் காலில்லை. உருண்டுபோய்ப் பக்கவாட்டில் விழுந்தான். எழுந்து கைகொடுத்துவிட்டு, “அங்கிள், அதை இன்னொரு முறை காட்டுங்கள்” என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அன்று இரவு ரயிலில் வீடு திரும்பும் வரை எனக்கு உன் நினைவுதான்.

நம் வயதுக்கு எது ஆகும், எது ஆகாது என்று நான் நிறைய யோசித்து வைத்திருக்கிறேன். நீ ஒத்துக்கொள்ளாவிட்டால் எழுது, சண்டை போடலாம். தலைகீழாகப் புரண்டு முதுகுப் பக்கம் போகும் பெரிம்போலோ போன்றவற்றை ஐம்பதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே தவறு என்பது என் உறுதியான கருத்து. உடம்பின் எடை முழுவதும் வளைந்த கழுத்தில் வந்து உட்காருகிறது. நான் முதலில் சேர்ந்த கூடத்தில் பயிற்சி தொடங்கும் முன்பே எல்லாரையும் தோளில் நின்று புரளச் சொல்வார்கள். இருபது வயதுக்காரனுக்கும் அதே, அறுபது வயதுக்காரருக்கும் அதே. கழுத்து வலிக்கிறது என்று சொன்னால் பழகப் பழகச் சரியாகிவிடும் என்பார்கள். வயதைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதவரிடம் எதற்கு உடம்பைக் கொடுக்க வேண்டும்? விலகிவிட்டேன். இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் என்னோடு அங்கே சேர்ந்த நம் வயதுக்காரர்கள் பலர் வேறு கூடம் தேடாமல் ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள்.

ஸ்பைடர் கார்ட், லாசோ எல்லாம் பார்க்க அழகு. ஆனால் சட்டைக்கையை இறுகப் பிடித்துத் தொங்கித் தொங்கி விரல் மூட்டுகள் தேய்ந்துவிடும். சட்டை பொத்தானைப் போடவே காலையில் விரல் மடங்காதவர்களை நான் பார்க்கிறேன். டி லா ரீவாவில் காலை வெளியிலிருந்து சுற்றிக் கொக்கி போடும்போது முழங்கால் முறுக்கேறுகிறது, உனக்கு அது வேண்டவே வேண்டாம். பட்டர்ஃபிளை எனக்கு மிகவும் பிடிக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தபடி இரண்டு பாதங்களையும் எதிராளியின் தொடைக்கு உள்பக்கம் கொக்கியாக வைத்து ஆடுவது. மார்செலோ கார்சியா அதை வைத்துத் தன்னைவிடப் பெரிய ஆட்களை எல்லாம் தூக்கிப் போட்டார். ஆனால் முழங்கால் நன்றாக மடங்க வேண்டும், அதனால் உனக்கு இப்போதைக்கு ஆகாது. குளோஸ்டு கார்டில் தற்காப்பு உண்டு. என்ன, உள்தொடை பிடித்துக்கொள்ளும், எதிராளி எழுந்து நின்று உன்னை மடக்கி அமுக்கினால் கழுத்துக்கு ஆபத்து. அப்படி மடக்க வருகிறான் என்று தெரிந்ததுமே பூட்டைத் திறந்துவிட வேண்டும்.

டீப் ஹாஃப் என்று எதிராளிக்கு நேர் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் வகை ஒன்று உண்டு. வயதானவர்களுக்கு உகந்தது என்று பலரும் சொல்கிறார்கள். கழுத்து நன்றாக இருப்பவருக்குச் சரி. அவன் எடை தலையிலும் தோளிலும் இறங்குகிறது என்பதால் நான் அதைத் தேடிப் போவதில்லை. லாக்டவுன் உனக்குக் கூடவே கூடாது, இரண்டு காலாலும் அவன் காலைப் பின்னி நீட்டி இழுப்பதில் உன் முழங்காலும் சேர்ந்து இழுபடும்.

மிஞ்சுவது அந்தப் பெரியவர் செய்ததுதான். பக்கவாட்டில் படு, முழங்கால் கேடயத்தை வை, முட்டுக் கொடு, அக்குளுக்கு அடியில் கை போகும் வேளைக்குக் காத்திரு. நெகிழும் இடுப்பு வேண்டாம், வேகம் வேண்டாம். எந்தப் பக்கமாகப் படுக்கிறாய் என்பதை உன் முழங்காலை வைத்து முடிவு செய். கேடயமாக நிற்கும் முழங்காலின் மேல்தான் பாரம் வந்து விழும், அவன் இரண்டு முழங்கால்களையும் சேர்த்து அமுக்கவும் பார்ப்பான். கிழிந்த கால் அந்த இடத்தில் இருக்கக் கூடாது. இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. போட்டியில் எதிராளி ஹாஃப் கார்ட் வரை வந்து நின்றுவிட்டால் கார்டைத் தாண்டியதற்கான 3 புள்ளி அவனுக்கு இல்லை, நீ அங்கிருந்து அவனைப் புரட்டினால் உனக்கு 2 உண்டு.

போட்டி என்றதும் உனக்குச் சிரிப்பு வரும். மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்துக் கோழிச்சோற்றைப் புகழ்ந்துவிட்டுப் போனாரே, அமெரிக்கச் சமையல் கலைஞர் அந்தோணி போர்டெய்ன், ஞாபகம் இருக்கிறதா? அவர் இந்தக் கலையைத் தொடங்கியதே ஐம்பதுகளின் கடைசியில்தான். 2016இல் நியூயார்க்கில் 51 வயதும் அதற்கு மேலும் ஆன நீலப் பட்டையினருக்கான பிரிவில் தங்கம் வாங்கினார். பிரேசிலில் இந்தக் கலையை வளர்த்த எலியோ கிரேசி 1951இல் மரக்கானா அரங்கத்தில் ஜப்பானிய ஜூடோ வீரர் கிமுராவின் கைப்பூட்டில் சிக்கித் தோற்றார். அதற்குப் பிறகும் பாயை விடவில்லை, தொண்ணூறு வயதைத் தாண்டியும் கி கட்டியவர். 2009இல் 95 வயதில்தான் போனார். இவர்களைப் போல நீ ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு மாலை பாயில் இருந்தால் எனக்குப் போதும்.

செல்வம், கேப்டனைப் பற்றி உன்னிடம் சொல்லவே இல்லை. இடுப்பு அறுவை சிகிச்சை நன்றாகத்தான் முடிந்தது. நடக்கிறார், படி ஏறுகிறார். ஆனால் பயிற்சியை நிறுத்தியதோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். புளோக்கின் கீழ்த்தளத்துக்குக்கூட இறங்குவதில்லை. நான் போனால் தொலைக்காட்சியை அணைக்காமலேயே பேசுகிறார். அந்த வாழைப்பழ விவகாரத்தைக்கூட எடுத்துப் பார்த்தேன், தலையை ஆட்டினார், அவ்வளவுதான். நம்மை எல்லாம் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடிய மனிதர் அவர். உன் வீட்டில் இப்போது நீ ஒருவன்தான். பிள்ளைகள் கோலாலம்பூரில். வேலையும் இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு உன்னை எதிர்பார்த்துக்கொண்டு நாலு பேர் இருக்கும் இடம் அந்தக் கூடம் ஒன்றுதான் என்று உன் தங்கை அழுதுகொண்டே சொன்னாள். எனக்குக் கவலை உன் முழங்காலைப் பற்றி மட்டும் இல்லை.

அதனால் நான் சொல்வதைக் கேள். முதலில் மருத்துவர் சொல்கிறபடி செய். அறுவை சிகிச்சை வேண்டும் என்றால் செய்துகொள், வேண்டாம் என்றால் இயன்முறைப் பயிற்சியை ஒழுங்காக முடி. எப்போது பாயில் இறங்கலாம் என்பதை அவர்கள் வாயால் சொல்லட்டும், உன் அவசரத்துக்கு இறங்காதே. அதுவரை கூடத்துக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து பார். இறங்கும்போது நம்பிக்கையான ஒருவரோடு ஹாஃப் கார்டிலிருந்து மட்டும் தொடங்கு. நின்று மோதுவது, வீழ்த்துவது எதுவும் வேண்டாம். காலை முறுக்கும் பிடிகள் கூடாது என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடு. கி அணிந்த போட்டிகளில், குதிகாலைப் பிடித்து முழங்காலை முறுக்கும் ஹீல் ஹூக் எல்லாப் பட்டையினருக்கும் தடை, கூடத்தில் மறுத்துவிட நீ வெட்கப்பட வேண்டியதில்லை. வலி தொடங்கும் வரை காத்திருக்காமல், பிடி இறுகப் போகிறது என்றதுமே கையால் தட்டி விட்டுக்கொடுத்துவிடு. இது உனக்குக் கஷ்டமாக இருக்கும். மூக்கில் ரத்தம் வந்தபோதும் தட்டாத வீம்புக்காரன் நீ. அந்த வீம்பு இருபது வயதில் உனக்கு அழகாக இருந்தது, இப்போது வேண்டாம்.

ஜூன் விடுமுறையில் இங்கே வந்து ஒரு வாரம் தங்கு. மகளின் அறை காலியாகத்தான் இருக்கிறது. அந்தப் பெரியவரிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவைத்திருக்கிறேன், முழங்கால் கெட்டவர்களுக்கு அவர் மாற்றிச் செய்யும் முறைகள் சில இருக்கின்றனவாம். நீ மோத வேண்டாம், அவரோடு உட்கார்ந்து பேசினாலே போதும். கேப்டனையும் எப்படியாவது அழைத்து வரப் பார்க்கிறேன், நீ வருகிறாய் என்றால் ஒருவேளை கிளம்புவார்.

எந்தக் கால், வலமா இடமா? சவ்வு உள்பக்கம் கிழிந்ததா வெளிப்பக்கமா? ஸ்கேன் அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பு, எங்கள் கூடத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவர் பயிற்சிக்கு வருகிறார், காட்டுகிறேன். வியாழன் இரவு ஒன்பதுக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். தொலைபேசியில் கூப்பிடு.

உன் கூட்டாளி,
இராஜு